வினிபிரட் ரீச்சரின் இரண்டாம் கோடு

பொறாமைக்கென்று ஒரு கோப்பை கொடுக்கும் வழக்கம் இருந்திருந்தால், எண்பத்துநாலிலிருந்து தொண்ணூற்றிரண்டு வரைக்கும் வருஷம் தவறாமல் அதை மானிப்பாய்த் துரைராஜாதான் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார். இரண்டாம் இடத்துக்குக்கூட ஆள் அகப்பட்டிராது. அவர் வயிறு எரிந்த சூட்டில் வளவில் நின்ற கறிவேப்பிலை இரண்டு தரம் பட்டுப்போனதென்று அயலார் சொல்வார்கள். அது பொய். ஒரு தரம்தான் பட்டது.

எரிச்சலுக்குக் காரணம் வேறு யாருமில்லை, அவருடைய மனைவி வினிபிரட்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பை விட்டு அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்கள் இருவரும். துரைராஜாவின் ஒரு கையில் டென்னிஸ் மட்டை. மறு கையில், இளவயதில் ஏதோ அலுவலகக் கிளாக்கர்மார் போட்டியில் வென்ற வெள்ளிக் கோப்பை. மற்றச் சாமான் முழுவதும் வினிபிரட்டின் தலையிலும் தோளிலும் இருந்தது.

அடுத்த தை மாதம் எங்கள் ஊர்ப் பெண்கள் கல்லூரிக்கு டென்னிஸ் பழக்க ஆள் தேவைப்பட்டது. முன்பு பழக்கியவர் லண்டனில் மகளிடம் போய்விட்டார். துரைராஜா வெள்ளைக் காற்சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு, தன் பெருமையைக் கேட்க ஒரு சாட்சி வேண்டுமென்று மனைவியையும் கூட்டிக்கொண்டு அதிபர் மிஸ் நவமணியிடம் போனார். மிஸ் நவமணி மூக்குக் கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தா.

“ஹொஸ்ரல் பிள்ளையளுக்கு ஆம்பிளையை விட ஏலாது துரைராஜா. உம்மடை மனிசிக்கு விளையாட்டுத் தெரியுமோ?”

துரைராஜா கதிரை ஆடும்படி சிரித்தார். “இவவுக்கோ மிஸ்? இவ நான் விளையாடேக்கை பந்து பொறுக்கினவ. தேத்தண்ணி கொண்டந்தவ. வேறை என்ன தெரியும்?”

“எத்தினை வருஷம் பொறுக்கினவ?”

“கலியாணம் கட்டின நாள் தொட்டு.”

“அப்ப உம்மடை பந்து எங்கையெங்கை பிழைச்சு விழும் எண்டு உம்மை விட அவவுக்குத்தான் தெரியும். நாளைக்கு அவவை அனுப்பும்.”

அன்றைக்குத் தொடங்கியதுதான் வினிபிரட் ரீச்சரின் உத்தியோகம். அன்றைக்குத் தொடங்கியதுதான் துரைராஜாவின் நெஞ்செரிவும்.

ரீச்சர் பழக்கிய விதத்தை இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். விடிய வெள்ளாப்போடு பிள்ளைகள் கல் உருளையை இழுப்பார்கள். புற்றுமண்ணையும் எங்களூர்ச் செம்மண்ணையும் அரித்துக் கலந்து போட்ட ஆடுகளம் அது. சாணித் தண்ணீர் தெளித்து உருட்டி உருட்டி, கடைசியில் அதில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் என்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிடுவா. மட்டையின் நரம்பு அறுந்தால் அரியாலைக் கரையில் மீன்பிடிக்கிற தங்கூசி நூலை வாங்கிப் பின்னுவா. நடுவில் கட்டுகிற வலையும் அரியாலையில் முடிந்ததுதான். இறால் வலை முடிகிற கை முடிந்த வலை, பந்து என்ன, கொசுவும் சுற்றித்தான் போகவேண்டும். பந்துகளோ அடி வாங்கி வாங்கி மயிர் உதிர்ந்து, தேசிக்காய் போல மினுங்கும்.

முதல் வருஷ இறுதிப் போட்டிக்கு நடுவர் கிடைக்கவில்லை. விதி தெரிந்தவர்கள் எல்லாரும் கடல் கடந்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரே ஆள் துரைராஜா. எதிர்த்து ஆட வந்தது வடமராட்சிக் கல்லூரி. அவர்களுடைய பாலேஸ்வரி ரீச்சர், “மனிசி பழக்க, புருஷன் அம்பயரோ? நல்ல நியாயம்!” என்று வாயில் கை வைத்தா.

ஆட்டம் முடிந்தபோது அதே கையை எடுத்துக் கும்பிட்டா. கோட்டுக்குக் கிட்ட விழுந்த பந்து அத்தனையையும் துரைராஜா மனைவியின் பிள்ளைகளுக்கு எதிராகவே சொன்னார். ரீச்சர் தோற்றா. குடாநாடு முழுக்க ஒரே பேச்சு: “கட்டின மனிசியெண்டும் பாராமல் நீதி சொன்னார், தருமர்!” அந்தப் பெயர் நிலைத்தது. சந்தைக்குப் போனால் மரக்கறிக்காரர்கள் தருமர் வாறார் என்று வழி விட்டார்கள். இரண்டு குடும்பத்துக்கு வேலிச் சண்டையென்றாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அது நீதியல்ல, தனிப் பொறாமை என்பது உலகத்தில் ஒரேயொருவருக்குத்தான் தெரியும். அவ வீட்டில் புட்டு அவித்துக்கொண்டிருந்தா.

மறுநாள் ரீச்சர் சுண்ணாம்பு வாளியோடு ஆடுகளத்துக்குப் போனா. நாலு பக்கமும் போட்டிருந்த கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே இன்னொரு கோடு இழுத்தா.

“பிள்ளையள், வெளிக்கோடு ரெனிஸ் சட்டத்தின்ரை கோடு. அதை மறந்துபோங்கோ. இது உங்கடை அம்பயர், துரைராஜா சேரின்ரை கோடு. இதுக்கு உள்ளை விழுந்தால்தான் எங்கடை பந்து.”

அந்தக் கோட்டுக்குள் அடித்துப் பழகிய பிள்ளைகளை அடுத்த வருஷம் யாராலும் வெல்ல முடியவில்லை. துரைராஜா கண்ணைப் பிதுக்கிக்கொண்டு உயரக் கதிரையில் இருந்து பார்ப்பார், பந்தெல்லாம் வஞ்சகமில்லாமல் நடு வீட்டில் விழும். “அவுட்” என்று சொல்ல அவருக்குத் தொண்டை நமைக்கும், சொல்ல ஒன்றும் அகப்படாது. அப்படியே அடுத்த வருஷமும், அதற்கடுத்ததும். இந்தியன் ஆமி வந்த வருஷம் போட்டி நடக்கவில்லை. நடந்திருந்தால் அந்தக் கோப்பையும் ரீச்சருக்குத்தான்.

கோப்பைகள் கல்லூரியில் வைக்க இடமில்லாமல் வீட்டுக்கு வரத் தொடங்கின. துரைராஜா கண்ணாடி அலுமாரியில் தன் வெள்ளிக் கோப்பையை முன்னுக்கு வைத்து, மனைவியினுடையதை அதன் முதுகுக்குப் பின்னால் ஒதுக்குவார். பின்னால் நிற்பவை வளர்ந்த கோப்பைகள், முன்னால் நிற்பது கைக்குழந்தை. பார்க்கிறவர்களுக்கு அது பெரிய மனிதர்களுக்கு முன்னால் பிள்ளையை இருத்திப் படம் எடுத்தது போலத்தான் தெரிந்தது. பிறகு ஒன்றில் பலாக்கொட்டையும் மற்றொன்றில் உடைந்த சைக்கிள் ஆணிகளும் போட்டு வைத்தார்.

“நல்ல ஏனங்கள்” என்பார். “வாய் அகலம்.”

தெருவில் புதிதாக யாராவது அவரைக் கண்டால், “ஆர் உவர்?” என்று கேட்பார்கள். “உவரோ? வினிபிரட் ரீச்சற்ரை மனிசன்” என்று பதில் வரும். அன்றைக்குத் துரைராஜாவுக்குச் சோறு இறங்காது.

தொண்ணூறில் மறுபடி யுத்தம் தொடங்கியது. மின்சாரம் போயிற்று. மண்ணெண்ணெய், சவர்க்காரம், மருந்து, எல்லாவற்றுக்கும் தடை. வடக்குப் பக்கத்துத் தோட்டக்காணிகளை விட்டுச் சனம் எழும்பி வந்து கல்லூரி ஹொஸ்ரலிலும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. தொண்ணூற்றிரண்டு ஆனி மாதம் பெற்றோர் சங்கத் தலைவர் சோமசேகரம் ரீச்சரின் வீட்டுக்கு வந்தார். வெங்காயச் செய்கையில் பெயர் எடுத்தவர். ஒரு பிடி மண்ணை மணந்தே எத்தனை அந்தர் எடை விளையும் என்று சொல்லுவார்.

“ரீச்சர், குறை நினைக்கக் கூடாது. உங்கடை கிரவுண்டைக் கொத்தி வெங்காயம் நடுவம் எண்டு சங்கத்திலை கதைச்சிருக்கிறம். ஹொஸ்ரல் பிள்ளையள் வெறும் மரவள்ளியை அவிச்சுத் தின்னுதுகள். பாக்க வயிறு பத்துது. அந்த மண் சும்மா மண்ணோ? சாணி ஊத்தி ஊத்தி வைச்ச மண்!”

ரீச்சரின் முகம் சுருங்கியது. “அது விளையாட்டு மண், சோமசேகரத்தார். உருளை போட்டு இறுக்கினது. ஒருக்காக் கொத்தினால் பேந்து இந்த யென்மத்திலை எழுப்பேலாது.”

“பிள்ளையளின்ரை பசி…”

“பசி எனக்கும் தெரியும். பின்வளவிலை பூவரசு நிக்கிற துண்டைக் கொத்துங்கோ, நானும் மண்வெட்டி பிடிக்கிறன். இதை விடுங்கோ.”

சோமசேகரம் நல்ல மனிதர். தலையைச் சொறிந்தார். “சரி, ஒரு கதை கதைப்பம். ஆவணியிலை கோப்பைப் போட்டி வருதெல்லே. நீங்கள் வெண்டால் கிரவுண்ட் உங்கடை. நாங்கள் பூவரசடியைக் கொத்துறம். தோத்தால் அடுத்த நாளே நான் மண்வெட்டியோடை வருவன். சம்மதமோ?”

“சம்மதம்” என்றா ரீச்சர்.

உள்ளே சாய்மனைக் கதிரையில் கிடந்த துரைராஜாவின் காதில் இது தேனாகப் பாய்ந்தது. அன்று மத்தியானம் புட்டும் சம்பலும் வைத்தபோது மனிதர் பாட்டே படிக்கத் தொடங்கிவிட்டார்.

“வெங்காயம் நல்ல பயிர் வினி. கோப்பை கேளாது. தண்ணி இறைச்சால் காணும்.”

“நீங்கள் சாப்பிடுங்கோ.”

“நீரும் வயசுக்கு ஆறுதலா வீட்டிலை இருக்கலாம். விடிய எழும்பி ஓடத் தேவையில்லை. எனக்கும் நேரத்துக்குத் தேத்தண்ணி வரும்.”

ரீச்சர் கையைக் கழுவிவிட்டு அவருக்கு முன்னால் வந்து நின்றா. “இஞ்சாருங்கோ. கொழும்பிலை வீடு போச்சு. நான் தைச்ச திரைச்சீலை போச்சு, தையல் மிசின் போச்சு. அதுக்கு நான் ஒரு நாள் அழுதனோ? எனக்கெண்டு இருக்கிறது அந்தத் துண்டு மண் மட்டும்தான். நீங்கள் அம்பயர் கதிரையிலை ஏறி என்னவும் செய்யுங்கோ. நான் வெல்லுவன்.”

“நான் நீதி சொல்லுறனான்” என்றார் துரைராஜா.

“ஓமோம். குடாநாடே சொல்லுது” என்று ரீச்சர் போய்விட்டா.

போட்டி நாள் வந்தது. சோளகக் காற்று என்றால் அப்படியொரு சோளகம். செம்மண் புழுதி எழும்பி, பார்க்க வந்தவர்களின் வெள்ளை வேட்டியெல்லாம் காவியாகி, ஆடுகளத்தைச் சுற்றி ஒரு சந்நியாசிமார் மடமே கூடியிருந்தது போலிருந்தது. வடமராட்சிக்காரர் விடியமுன் சைக்கிள்களில் புறப்பட்டு, முன்னுக்கு ஒருத்தி பின்னுக்கு ஒருத்தியென்று பிள்ளைகளை ஏற்றி வந்திருந்தார்கள். பனங்குற்றிகளின்மேல் ஏற்றிக் கட்டிய கதிரையில் துரைராஜா ஏறி அமர்ந்தார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைத் தொப்பி. சனம் கை தட்டியது. ரீச்சரின் பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு தட்டவில்லை. அந்தச் சத்தத்தில் அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

ரீச்சரின் பிள்ளை தங்கரூபி. கொக்குக் கால், கரப்பான் பூச்சிக்குப் பயப்படுகிறவள், ஆனால் மட்டையைத் தொட்டால் பத்திரகாளி. எதிரில் பாலேஸ்வரி ரீச்சர் தேடிப் பிடித்து வளர்த்த கெங்காதேவி. அவள் அடித்தால் பந்து அழும். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்துக்கு ஐந்து. கடைசி ஆட்டமும் ஒப்புக்கு ஒப்பு வந்தது.

பொம்மர் விமானம் எந்நேரமும் வரலாமென்பதால் அந்தக் காலத்தில் எங்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது: கடைசியில் ஒப்பு வந்தால் இழுத்தடிக்கக் கூடாது, அடுத்த ஒரு பந்து யாருக்கோ, கோப்பை அவர்களுக்கு.

அந்த ஒரு பந்து தொடங்கியது. அங்குமிங்கும் எத்தனை தரம் போய் வந்ததோ! சோமசேகரத்தின் கழுத்து அன்றைக்குச் சுளுக்கியது, பிறகு ஐப்பசி மழைக்குத்தான் எடுபட்டது. கெங்காதேவி ஒன்றைத் தூக்கிப் போட்டாள். தங்கரூபி பின்னுக்கு ஓடி, உடம்பை வளைத்து, மூலைக்கு இறக்கினாள். சோளகம் ஒரு தள்ளுத் தள்ளியது. பந்து ரீச்சர் பழக்கிய இரண்டாம் கோட்டையும் கடந்து, சட்டத்தின் கோட்டுக்குக் கிட்டப் போய் விழுந்தது.

துரைராஜா பார்த்தார். பந்து விழுந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பொட்டுச் சுண்ணாம்புத் தூள் பறந்தது. கோட்டில் பட்டால்தான் சுண்ணாம்பு பறக்கும்.

அவர் வாயைத் திறந்தார். அதே கணத்தில் யாரோ கத்தினார்கள்: “பொம்மர்! பொம்மர்!”

சனம் ஆடுகளத்துக்குக் குறுக்காலேயே ஓடியது. அத்தனை கால்களும் அந்த மூலையை மிதித்துக்கொண்டு, வேப்பமரத்துக்குக் கீழே வெட்டியிருந்த பங்கருக்குள் பாய்ந்தன. கதிரையிலிருந்து இறங்கி ஓடிவந்த துரைராஜா கடைசி ஆளாகச் சோமசேகரத்தின் வயிற்றுக்கும் பாலேஸ்வரி ரீச்சரின் கைப்பைக்கும் நடுவில் செருகுப்பட்டார். பத்துப் பேர் இருக்கவேண்டிய குழியில் நூறு பேர். சரி, நாற்பது என்று வையுங்கள். மேலே பனங்குற்றி, மண்மூட்டை. இருட்டு, வியர்வை, ஒரு குழந்தையின் அழுகை. விமானம் கூவிக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டது. எல்லாரும் காதைப் பொத்தினார்கள். எங்கேயோ கடலேரிப் பக்கம் பெரிதாக ஒன்று வெடித்தது. குற்றிகளுக்கிடையால் மண் கொட்டி எல்லார் தலையும் சிவந்தது.

பிறகு பாலேஸ்வரி ரீச்சரின் குரல் கேட்டது.

“துரையண்ணை, அது அவுட் தானே?”

“என்ன அவுட்?” என்று தங்கரூபியின் தாய் மூலையிலிருந்து சீறினா. “நான் ரெண்டு கண்ணாலையும் பாத்தன், உள்ளை!”

“உங்களுக்கு நெட் எது, கோடு எது எண்டு தெரியுமோ?”

“எனக்கு என்ரை பிள்ளையைத் தெரியும்!”

“சனங்களே, அவன் இன்னும் மேலைதான் சுத்துறான்” என்றார் யாரோ.

“அவன் சுத்தட்டும். பந்து எங்கை விழுந்தது?”

சோமசேகரம் வயிற்றை எக்கிக்கொண்டு கை உயர்த்தினார். “சத்தம் போடாதேங்கோ! தருமர் இஞ்சை என்ரை மடியிலை இருக்கிறார். அவர் சொல்லட்டும். மனிசிக்கு எதிரா இத்தினை வருஷம் நீதி சொன்ன மனிசன். அவற்ரை வாயிலை வாறதுதான் வேதவாக்கு.”

மேலே விமானம் இரைந்தது. துரைராஜா வாயைத் திறந்தார். “அவுட்” என்ற சொல் நாக்கு நுனியில் குளித்து முழுகி உடுத்துக்கொண்டு நின்றது. சொன்னால் தருமர் பட்டம் நிலைக்கும். கோப்பை வராது. வெங்காயம் வரும், நேரத்துக்குத் தேத்தண்ணி வரும்.

அப்போதுதான் இருட்டுக்குள்ளிருந்து மனைவியின் குரல் கேட்டது. அவருக்குச் சொல்லவில்லை. தேம்பிக்கொண்டிருந்த தங்கரூபியின் தலையைத் தடவிச் சொன்னா.

“அழாதை பிள்ளை. நீ வடிவா விளையாடினனி. அது அவுட் எண்டுதான் வரும். உங்கடை சேரை எனக்குத் தெரியாதோ? இப்ப சொல்லுவார், பார்.”

அவ்வளவுதான். கோபமில்லை, மன்றாட்டமில்லை. மழை வரும் என்று வானத்தைப் பார்த்துச் சொல்லுகிற குரல்.

துரைராஜாவுக்கு உச்சி பற்றியது. கோப்பைகளை வென்றாள், சரி. ஊரை வென்றாள், சரி. என் வாய்க்குள் இருக்கிற சொல்லையும் எனக்கு முன்னால் எடுத்து வெளியில் வைக்கிறாளே! இதிலும் இவளே சரியோ? ஒரு தரமாவது, ஒரேயொரு தரமாவது இந்த மனிசி பிழைவிடக் கூடாதோ?

“இன்!” என்று கத்தினார். “பந்து உள்ளை! கோட்டிலை பட்டது! கோப்பை மானிப்பாய்க்கு!”

விமானம் போய்விட்டது. அது போனதுகூட யாருக்கும் தெரியவில்லை, பங்கருக்குள் அப்படிச் சத்தம்.

“ஐயோ, பாத்தியளே அநியாயத்தை!”

“கடைசியிலை மனிசிக்காகப் பொய் சொல்லிப்போட்டார்!”

“எல்லாரும் பாத்தது, ஒரு முழம் வெளியாலை!”

பாலேஸ்வரி ரீச்சர் அவருடைய கையைப் பிடித்தா. “துரையண்ணை, உங்களை நம்பித்தானே அண்ணை வந்தனாங்கள்.”

“நான் கண்டனான்! சுண்ணாம்பு பறந்தது!” என்றார் துரைராஜா.

“சுண்ணாம்போ? உங்கடை கண்ணிலை பறந்திருக்கும்.”

வெளியே வந்து மூலையைப் பார்த்தார்கள். நாற்பது சோடிச் செருப்பு மிதித்த இடத்தில் சாட்சி சொல்ல ஒரு வெள்ளைத் துகள் மிச்சமிருக்கவில்லை. நடுவரின் சொல் கடைசிச் சொல். வடமராட்சிக்காரர் கை கொடுக்காமல் சைக்கிள்களை எடுத்தார்கள். சோமசேகரம் சொன்ன சொல் தவறாமல், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பூவரசடிப் பக்கம் நடந்தார். போகிற போக்கில் நின்று, “நீரும் மனிசன்தான் காணும்” என்றார். அதைக் கேட்பதற்குப் பதில் துரைராஜா நாலு அடியே வாங்கியிருப்பார்.

வீட்டுக்கு வரும் வழியில் தேத்தண்ணிக்கடையில் இருந்தவர்கள் எழும்பவில்லை. “தருமரின்ரை தேர் நிலத்திலை முட்டிப்போச்சு” என்று ஒருவன் சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக மனைவிக்குச் சாதகமாக உள்ளதை உள்ளபடி சொன்ன மனிதர், கள்ளன் என்ற பட்டத்தோடு வீட்டுப் படலையைத் திறந்தார். வெற்றிலை துப்பக்கூட அவருக்கு மனமில்லை. நேரே போய்ச் சாய்மனையில் விழுந்தார்.

ரீச்சர் கோப்பையோடு வந்து, அதைக் கீழே வைத்துவிட்டு, உடுப்பு மாற்றாமல் சந்தைக்குப் போனா. அந்தத் தடைக் காலத்தில் எப்படித்தான் கிடைத்ததோ, ஒரு முழுப் பாரை மீனோடு திரும்பிவந்தா. கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க மிளகாய்த்தூளும் பொரியலும் மணத்தது. அயல் வீட்டுப் பூனைகள் மதிலில் வரிசை கட்டின. ஒரு ஐம்பது இருக்கும்.

இலை போட்டுச் சோறு வைத்தா. நடுத்துண்டு, பொரித்தது, தடிப்பானது, அவருடைய இலையில் விழுந்தது. அவர் பார்த்தார். வழக்கத்தில் வால்பக்கம்தான் வரும். அதோடு ரீச்சர் தனக்கும் ஒரு இலையைப் போட்டுக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தா. கூட இருந்து சாப்பிட்டது கொழும்பில் எந்த வருஷமோ.

“இஞ்சாருங்கோ. சனம் என்னவும் சொல்லட்டும். உங்கடை பேரை எனக்காகக் குடுத்துப்போட்டியள்.”

துரைராஜா நிமிர்ந்தார். “என்னத்தைக் குடுத்தனான்?”

“எனக்கு மறைக்காதேங்கோ. நான் பின்கோட்டிலைதான் நிண்டனான். அது அவுட் தானே?”

துரைராஜாவின் கை நடுவழியில் நின்றது. “இல்லை, நீர் பிழை, அது உள்ளே, சுண்ணாம்பு பறந்ததைக் கண்டனான்” என்று சொல்ல வேண்டியதுதானே! இந்த மனிசி பிழைவிட்டாள் என்று முகத்துக்கு நேரே சொல்ல ஆயுள் முழுக்கக் காத்திருந்த சந்தர்ப்பம். படலைக்கு வெளியே சைக்கிளில் போன ஒருவன் மணியை அடித்து, “தருமர் வீட்டிலை மீனாம்!” என்று கத்திக்கொண்டு போனான்.

ரீச்சர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தா. வினிபிரட் அப்படிப் பார்ப்பாள் என்பதையே அவர் மறந்துபோயிருந்தார். கொழும்பில், அவருடைய பந்து வேலிக்கு வெளியே போனபோதெல்லாம் ஓடிப்போய் எடுத்துவந்து நீட்டிய பெண்ணின் பார்வை.

துரைராஜா மீனை விழுங்கினார்.

“ஓம்” என்றார். “ஒரு விரலளவு அவுட் தான்.”

ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு துண்டு வைத்தா.

“ஒரு விரலோ? எனக்கு ஒரு சாண் மாதிரித் தெரிஞ்சுது.”

“சாண்தான்” என்றார் துரைராஜா. “உமக்கு மனவருத்தமாயிருக்கும் எண்டு குறைச்சுச் சொன்னனான்.”

பிறகு மீனின் தலைப்பக்கம் இலைக்கு வந்தது. அதோடு அவர் வாயில் பந்து ஒரு முழம் வெளியே போயிற்று. சினையைக் கரண்டியால் எடுத்து அவருக்கு வைத்தபோது பந்து மதிலில் பட்டது. சட்டியை வழித்துக் கடைசிக் குழம்பை ஊற்றிய நேரம், தங்கரூபி அடித்த அந்தப் பந்து கல்லூரி மதிலையும் ஆசுபத்திரிக் கூரையையும் தாண்டி, மானிப்பாய்ச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்களின் தலைக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது.